தண்ணீர் மோட்டாரின் சாவி

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார்.
நான் பர்மியத்தில் கேட்பேன்.
பியாக் சூய் பதில் சொல்லுமுன்
ஒரு கணம் கதவைப் பார்ப்பாள்.

அவள் தாய்மொழி மலைமொழி, எனக்குத் தெரியாது.
மோரேயில் பிறந்த தமிழன் நான்;
எல்லைச் சந்தையில் பாக்கும் பேட்டரியும் விற்று
பர்மியம் கற்றவன்.
அவளுக்கு அதைப் பள்ளிக்கூடம் தந்தது.
பிறகு ஓர் இரவு
அதே மொழியில்தான் கதவைத் தட்டினார்கள்.

"ராணுவம் உங்களைத் தேடக் காரணம்?"
"வாக்கு எண்ணும் மேசையில் இருந்தேன்."
"அது குற்றமா?"
"நான் எண்ணியது சரியாக இருந்தது."

ஆங்கிலத்தில் சொன்னேன்.
பிழை என்னுடையதோ என்று
அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.
அவள் நிறுத்தவில்லை:
எங்கள் சாவடியில் நானூற்றுப் பன்னிரண்டு,
செல்லாதவை ஒன்பது,
ஒன்பதையும் ஏன் தள்ளினேன் என்று
இப்போதும் சொல்வேன், ஒவ்வொன்றாக.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பர்மியத்தில் தேர்தலுக்கு யுவே கௌ ப்வே.
பிரித்தால், தேர்ந்து பொறுக்கும் திருவிழா.
விகாஸ்புரியில் இரவுச் சந்தை கலைந்தபின்
அவளைப் பார்த்திருக்கிறேன்,
செல்பேசி வெளிச்சத்தில் குனிந்து
நசுங்காத தக்காளியை,
நுனி மட்டும் அழுகிய முள்ளங்கியை
தேர்ந்து, பொறுக்கி.
திருவிழாதான் பாக்கி.

பிப்ரவரி முதல் தேதி, இரவு எட்டு மணிக்கு
அவர்கள் கட்டடத்தின் நான்கு மாடியும்
பாத்திரம் தட்டும்.
பக்கத்து வீட்டு சச்தேவா அம்மாள் படியேறி வந்து
"மறுபடியும் கொரோனாவா?" என்றாள்.
சிலர் சிரித்துவிட்டார்கள்.
எட்டேகால் வரைக்கும் பியாக் சூய்
கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
அலுமினியக் குண்டான், அடி நெளிந்தது.

சண்டை வந்தது தண்ணீரால்.
மோட்டார் சாவி மூன்று வருடமாக ஸா லியானிடம்.
அவன் மாடிக்கே முதல் தண்ணீர்,
மற்றவர்களுக்குக் குழாயின் இருமல்.
"ஓட்டுப் போடுவோம்" என்றாள்.
"ஒரு சாவிக்கா?"
"சாவிக்குத்தான்."

அதே குண்டானின் வாயில் செய்தித்தாள் கட்டி
மெழுகுவர்த்தி உருக்கி முத்திரை வைத்தாள்.
மோரே தமிழ்ச் சங்கத்து ஞாயிறு வகுப்பில்
குடவோலை என்று நான் உருப்போட்டதுண்டு,
ஐந்து மதிப்பெண்ணுக்கு.
மொட்டைமாடியில் அது
சோற்றுப்பருக்கை ஒட்டிய விளிம்போடு இருந்தது.
பேனா ரீஃபிலை உடைத்து விரலுக்கு மை.
என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள்:
வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும், அது விதி.

முப்பத்தொரு ஓட்டு.
ஒன்றில் இரண்டு பெயரும் எழுதி
கீழே: இரண்டு பேரும் நல்லவர்கள்.
"அழகான ஓட்டு" என்றாள். "செல்லாது."

ஸா லியான் பதின்மூன்று.
ங்குன் பார் பதினேழு.

அவன் எழுந்தான். கதவை அடைத்து நிற்கும் உடம்பு.
மறுபடி எண்ணச் சொன்னான்.
பதினேழு.
இன்னொரு முறை.
பதினேழு.
அவன் சட்டைப்பைக்குள் கை விட்டபோது
முன்வரிசையில் ஒருத்தி
பிள்ளையைச் சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தது சாவி,
சிவப்புக் கம்பளி நூலில்.
ங்குன் பாரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு
"வால்வு இறுகும், இடது பக்கம் திருப்பணும்" என்றான்.

யாரும் கைதட்டவில்லை.
இப்படி நடக்கும் என்று
அங்கே யாரும் பார்த்ததில்லை.

பியாக் சூய் தாளில் நேரம் குறித்தாள்,
மாலை ஆறு நாற்பது.
என் கையெழுத்தைக் கேட்டாள்.
எந்த மொழியில் என்றேன்.
"உன் மொழியில் போடு."
போட்டேன். அதற்கடியில்
அவள் ஒரு வரி சேர்த்தாள்:
அடுத்த எண்ணிக்கை, ஆகஸ்டில்.